பனந்த்ரோவின் கடல் பாம்புகளுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஒன்றிய நிலக்கரி அமைச்சகம், ஒன்றிய சுரங்க அமைச்சகம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, குஜராத்தின் லிக்னைட் சுரங்க நிர்வாகங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரத்தில் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் டிபன் கேரியர் பைக்குள்ளிருந்து ஒரு துண்டு பழுப்பு நிலக்கரியை எடுத்து என் கையில் வைத்தார். கரி என்று நினைத்து வாங்கினால், மரம். பட்டையின் வரி, நார், ஒரு கிளை முறிந்த இடத்தில் இருக்கும் முடிச்சு, எல்லாம் அப்படியே இருந்தன. ஒரே வாரத்தில் அது காய்ந்து வெடித்துச் செதில் செதிலாகப் பிரிந்துவிட்டது. பூமிக்குள் அத்தனை காலம் பத்திரமாக இருந்த பொருள் எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் ஏழு நாள்கூடத் தாங்கவில்லை. அந்த ஏமாற்றத்தில்தான் நான் புவியியல் படித்தேன் என்று நினைக்கிறேன். இன்று ஒரு கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன்.

இந்த மடல் நெய்வேலியைப் பற்றியது அல்ல. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள பனந்த்ரோ லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) சுரங்கத்தையும், அங்கிருந்து கிடைத்த கடல் பாம்புகளின் எலும்புகளையும் பற்றியது. இன்னும் அங்கே கிடக்கும் எலும்புகளை மண் போட்டு மூடுவதற்கு முன்பு ஒருமுறை பார்க்கவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2024 ஏப்ரலில் பனந்த்ரோவின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது. ரூர்க்கி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் அந்தச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளை வைத்து ஒரு புதிய பாம்பை அறிவித்தார்கள். வாசுகி இண்டிகஸ் என்று பெயர். ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நீளம் 11 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அந்த வாரம் வகுப்புக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் கேட்டார்கள்: "சார், இதுதான் பாற்கடலைக் கடைஞ்ச பாம்பா?" தொலைக்காட்சியிலும் அதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அந்த வாசுகி கடலில் வாழ்ந்த பாம்பு அல்ல. மலைப்பாம்பு போல உருண்டு திரண்ட உடம்போடு, சதுப்பு நிலத்திலும் அதன் கரையிலும் மெதுவாக ஊர்ந்து இரை பிடித்த பாம்பு. ஆனால் கடலில் வாழ்ந்த பாம்புகளும் அதே சுரங்கத்தில் இருக்கின்றன. அவற்றை 2003-ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ழான்-குளோத் ராஜ், நம் பாஜ்பாய், அமெரிக்காவின் தெவிஸ்ஸன், இந்தியாவின் பி. என். திவாரி ஆகிய நால்வர் எழுதிய கட்டுரை அது. டெரோஸ்ஃபீனஸ் கட்சென்சிஸ், டெரோஸ்ஃபீனஸ் பிஸ்வாசி என்று இரண்டு இனங்களுக்கு அதில் பெயர் வைத்தார்கள். முதலாவதில் கட்ச் மண்ணின் பெயரே இருக்கிறது. அப்போது யாரும் எனக்குப் போன் செய்து கேட்கவில்லை. எந்தத் தொலைக்காட்சியிலும் அது வந்ததாக நினைவில்லை. பெரிய எலும்புக்குக் கிடைக்கும் மரியாதை சின்ன எலும்புக்குக் கிடைப்பதில்லை.

அந்தச் சின்ன எலும்பு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். கோப்புகளில் "முதுகெலும்பித் தொல்லெச்சங்கள்" என்று ஒரே வரியில் கடந்துபோகும் பொருள் அது. கையில் எடுத்துப் பார்த்தால் அப்படிக் கடக்க முடியாது.

இந்த வகைப் பாம்பின் ஒரு முள்ளெலும்பை ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பார்த்தேன். பஞ்சு வைத்த சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. கரும்பழுப்பு நிறம், எண்ணெய் தடவியது போல மெல்லிய பளபளப்பு. மீனின் முள்ளெலும்பை நாம் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டிலேயே பார்த்திருக்கிறோம். இரண்டு பக்கமும் குழிந்து, நடுவில் ஒடுங்கி, உடுக்கை போல இருக்கும். பாம்பின் முள்ளெலும்பு அப்படி இல்லை. முன்பக்கம் குழி, பின்பக்கம் உருண்டை. ஒன்றின் உருண்டை அடுத்ததன் குழிக்குள் போய் உட்காரும், ஆட்டுக்கல் குழியில் குழவி உட்காருவது போல. முதலைக்கும் இதே அமைப்புதான். ஆனால் பாம்புக்குக் கூடுதலாக இன்னொரு பூட்டு உண்டு. எலும்பின் மேல்பகுதியில், முன்புறம் ஒரு ஆப்பு நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் இருக்கும் எலும்பின் பின்புறத் துளையில் அது போய்ச் செருகிக்கொள்ளும். தச்சர் ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் இறக்குவது போல. நூற்றுக்கணக்கான எலும்புகள் கொண்ட உடம்பு முறுக்கிக்கொண்டு திருகிப்போகாமல் பக்கவாட்டில் வளைவதற்கு இந்தப் பூட்டு உதவுகிறது. முதலைக்கு அது கிடையாது.

இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாசுகியே சாட்சி. அந்த எலும்புகளை பாஜ்பாய் எடுத்தது 2005-இல். அளவைப் பார்த்து முதலை என்று நினைத்து வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் பாம்பு என்று தெரிந்தது. கொலம்பியாவின் செரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து 2009-இல் அறிவிக்கப்பட்ட டைட்டனோபோவாவுக்கும் இதேதான் நடந்தது. அதன் எலும்பும் முதலை என்ற சீட்டோடு கிடந்திருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. எடுத்து வைத்திருந்ததால்தான் தவற்றைத் திருத்த முடிந்தது. அன்று எடுக்காமல் விட்டிருந்தால் திருத்துவதற்கு என்ன இருந்திருக்கும்?

சரி, டெரோஸ்ஃபீனஸுக்கு வருகிறேன். அதன் முள்ளெலும்பு ஒடுக்கமானது, உயரமானது. இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்தியது போல இருக்கும். முதுகுப் பக்கம் முள் உயர்ந்து நிற்கும். பின்புறம் இரண்டு சின்ன இறக்கைகள் போல எலும்பு எழும்பியிருக்கும். பெயரில் உள்ள 'டெரோ' என்பதற்கு அந்த இறக்கை என்றுதான் பொருள். விலா எலும்புகள் சேரும் இடம் நிலத்துப் பாம்புக்கு இருப்பதைவிடக் கீழே தள்ளி இருக்கும். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் உடம்பின் வடிவம் கிடைத்துவிடும். உருண்டையான உடம்பு இல்லை, வாளை மீன் போலத் தட்டையாக நிமிர்ந்து நிற்கும் உடம்பு. தரையில் போட்டால் சரிந்து விழும். தண்ணீரில் பக்கத்துக்குப் பக்கம் அசைந்தால் முழு உடம்பும் துடுப்பு. விரலளவு எலும்பு ஒன்று ஒரு விலங்கின் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிடுகிறது. இத்தனை வருடம் கற்பித்தும் இது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

கடலூர் துறைமுகத்தில் வலையோடு சேர்ந்து வரும் கடல் பாம்புகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். வால் தட்டையாகத் துடுப்பு போல இருக்கும். அவை நல்ல பாம்பின் உறவுக்காரர்கள். கட்சின் பழங்கடல் பாம்புகளுக்கும் இவற்றுக்கும் நேரடி வம்சத் தொடர்பு இல்லை. டெரோஸ்ஃபீனஸும் அதன் உறவினமான பேலியோஃபிஸும் ஈயோசீன் என்ற புவியியல் காலம் முடியும்போது, ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், அற்றுப்போயின. அதற்கு வெகுகாலம் கழித்து நாகப் பாம்புக் குடும்பத்தில் சில இனங்கள் தனியாகக் கடலுக்குள் இறங்கின. அதற்கும் முன்னால், 9 கோடி ஆண்டுகளுக்கு அப்பால், வேறொரு கூட்டம் இறங்கியிருக்கிறது. பாம்பு ஒருமுறை அல்ல, பலமுறை கடலுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உடம்பை எப்படி மாற்றிக்கொண்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் இருப்பவை இந்த எலும்புகள் மட்டுமே.

அந்தப் பழைய கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி மட்டும். லெபனானின் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த யூபோடோஃபிஸ் என்ற பாம்பு அரை மீட்டர் நீளம்தான் இருக்கும். அதன் இடுப்பருகே 2 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பின்னங்கால் தெரிந்தது. இன்னொரு கால் கல்லுக்குள் புதைந்திருந்தது. 2011-இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் உள்ள சின்க்ரோட்ரான் (மிக வலுவான எக்ஸ் கதிர் தரும் எந்திரம்) கூடத்தில், கல்லை உடைக்காமலே எக்ஸ் கதிர் செலுத்தி, மறைந்திருந்த காலையும் பார்த்துவிட்டார்கள். தொடையெலும்பு இருந்தது, கணுக்கால் எலும்புகள் இருந்தன, விரல்கள் இல்லை. அந்தப் பாம்பு 2000-இல் விவரிக்கப்பட்டபோது இந்தப் படம் எடுக்கும் வழி இல்லை. கல்லைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், கருவி பின்னால் வந்து சேர்ந்தது. யூபோடோஃபிஸை முதலில் விவரித்த இருவரில் ஒருவர் யார் தெரியுமா? கட்ச் பாம்புகளுக்குப் பெயர் வைத்த அதே ழான்-குளோத் ராஜ். மாலி நாட்டின் சஹாராப் பகுதியில் கிடைத்த பேலியோஃபிஸ் கொலொசேயஸ் என்ற மாபெரும் கடல் பாம்புக்கு 1983-இல் பெயர் வைத்தவரும் அவர்தான். அதன் நீளம் 12 மீட்டருக்கு மேல் இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டார்கள். 2018-இல் ராஜ் மறைந்தார். லெபனானையும் மாலியையும் ஆராய்ந்த அதே கண்கள்தான் நம் பனந்த்ரோவின் எலும்புகளையும் பார்த்து, இவை உலகத்துக்கு வேண்டியவை என்று எழுதிவைத்தன.

கட்சுக்கு ஏன் இந்தப் பெருமை? இன்று அந்தப் பக்கம் போனால் முள்மரமும் உப்பு மண்ணும் வெயிலும்தான். 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, நடுவில் இருந்த டெதிஸ் கடலின் ஓரம் அது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பம். ஆழமில்லாத கடல், கழிமுகம், அலையாத்திக் காடு. அந்தக் காட்டுச் சேறுதான் லிக்னைட் ஆனது. ஒரு லிக்னைட்காரர் மகனாக எனக்கு முதலில் உறைத்தது ஒரு வாசனைதான். கட்ச் லிக்னைட்டில் கந்தகம் அதிகம். எங்கள் நெய்வேலிக் கரியில் குறைவு. கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டை நுண்ணுயிர்கள் மாற்றி, சேற்றிலிருந்த இரும்போடு சேர்த்துப் பைரைட் என்ற கந்தகக் கனிமம் ஆக்கிவிடுகின்றன. உங்கள் அனல்மின் நிலையப் பொறியாளர்களுக்குத் தலைவலி தரும் அந்தக் கந்தகம், கடல் அங்கே வந்துபோனதற்கான கையெழுத்து.

அந்தக் கடலோரத்தில்தான் திமிங்கலங்களும் உருவாகிக்கொண்டிருந்தன. 1970-களில் அசோக் சாஹ்னியும் வி. பி. மிஸ்ராவும் கட்சிலிருந்து பழைய திமிங்கலங்களை விவரித்தபோது, தரையில் நடந்த ஒரு விலங்கு கடலுக்குப் போன கதையின் முக்கியமான பக்கங்கள் இந்தியாவில் இருக்கின்றன என்று உலகம் தெரிந்துகொண்டது. பனந்த்ரோவின் படிவுகளில் திருக்கை மீன், கெளுத்தி வகை, ஆமை, முதலை, பழைய திமிங்கலம், நிலத்துப் பாம்பு, கடல் பாம்பு எல்லாம் இருக்கின்றன. பாலூட்டி ஒன்றும் பாம்பு ஒன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கரையில், கடலுக்குள் வாழப் பழகிக்கொண்டிருந்த காட்சி அது. எகிப்தின் ஃபயூம் பகுதியிலும் திமிங்கலங்களோடு டெரோஸ்ஃபீனஸ் கிடைக்கிறது. அங்கே திமிங்கலப் பள்ளத்தாக்கு 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பாலைவனத்துக்கு நடுவிலேயே அருங்காட்சியகமும் கட்டியிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது அதைவிடப் பழைய அத்தியாயம்.

தெற்குக் குஜராத்திலும் இதே கதைதான். சூரத் அருகே வஸ்தான் லிக்னைட் சுரங்கத்திலிருந்து 2007-இல் பாஜ்பாயும் ஜேசன் ஹெட்டும் பேலியோஃபிஸ் வஸ்தானியென்சிஸ் என்ற கடல் பாம்பை விவரித்தார்கள். அடுத்த ஆண்டே அதே சுரங்கத்திலிருந்து பலவகைப் பாம்புகள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. எல்லாமே லிக்னைட் வெட்டியதால் வெளியே வந்தவை.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுரங்கத்தை மூடுங்கள் என்று கேட்கும் மடல் இது இல்லை. சுரங்கம் வெட்டியிருக்காவிட்டால் இந்தப் பாம்புகளை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் சோறு பொங்கியது சுரங்கத்தின் சம்பளத்தில். டன் கணக்கு, ஷிஃப்ட் கணக்கு, ஒரு டன் கரிக்கு எவ்வளவு மண் அள்ள வேண்டும் என்ற ஸ்ட்ரிப்பிங் ரேஷியோ எல்லாம் எனக்கும் தெரியும். கரிக்கு மேலே கிடக்கும் களிமண், நிர்வாகத்துக்கு 'மேல்மண்'. எவ்வளவு சீக்கிரம் அள்ளிக் கொட்டுகிறோமோ அவ்வளவு லாபம். எங்கள் துறைக்கு அந்த மேல்மண்தான் புத்தகம். இரண்டு பேரும் ஒரே குழியில் நிற்கிறோம். நீங்கள் அள்ளுவதற்கும் கொட்டுவதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் ஒரு சுரங்கத்துக்கு மாணவர்களோடு போயிருந்தேன். எந்தச் சுரங்கம் என்பது இங்கே முக்கியமில்லை. காலை பத்து மணிக்கு, சுரங்கச் சுவரில் படிபோல வெட்டிய ஒரு பென்ச்சின் ஓரத்தில் சாம்பல் நிறக் களிமண்ணில் சிப்பி அடுக்கு ஒன்று வெள்ளை வரியாக ஓடியது. அதற்கு ஒரு சாண் கீழே ஒரு மாணவி கரிய எலும்பு ஒன்றைப் பார்த்தாள். விலா எலும்பு போல வளைந்து உள்ளே போனது. அவள் குனிந்து ஊதிப் பார்த்தாள், தொடவில்லை. அனுமதிக் கடிதத்தில் "பார்வையிட" என்றுதான் இருந்தது, "சேகரிக்க" என்று இல்லை. அதிகாரியைத் தேடிப் போனோம். நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். ஆனால் அனுமதி தரும் அதிகாரம் தன்னிடம் இல்லை, மேலே எழுதுங்கள் என்றார். மேலே என்றால் யாருக்கு என்று கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. மதியம் திரும்பி வந்தபோது அந்த பென்ச் அங்கே இல்லை. டம்பர்கள் வரிசையாக மண்ணேற்றிக்கொண்டு கொட்டுமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த மாணவி பேருந்தில் ஊர் திரும்பும்வரை ஒன்றும் பேசவில்லை. அது என்ன விலங்கின் எலும்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

"யாருக்கு எழுதுவது" என்ற அந்தக் கேள்விதான் சிக்கலின் மையம். லிக்னைட் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. புதைபடிவத்தை ஆராயும் புவியியல் ஆய்வுத் துறை சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நிலம், மின்சாரம், குத்தகை எல்லாம் மாநிலத்தோடு போகின்றன. உயிருள்ள கடல் பாம்பு வலையில் சிக்கினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மனிதன் செய்த பழம்பொருள் கிடைத்தால் அதே 1972-இல் வந்த தொல்பொருள் சட்டம் இருக்கிறது. 5 கோடி ஆண்டுக் கடல் பாம்பு ஒன்று களிமண்ணில் கிடந்தால் அதற்கென்று ஒரு தேசியச் சட்டம் இல்லை. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் புவிமரபுத் தலங்கள், புவிமரபுப் பொருள்கள் பாதுகாப்புக்கான வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்கு வைத்தது. வரவேற்றோம். அதிகாரம் முழுவதும் ஒரே துறையிடம் குவிகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களையும் சேர்த்துத் திருத்தி நிறைவேற்றுங்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. குழியை எப்படி நிரப்புவது, மேலே என்ன மரம் நடுவது, அதற்குப் பணம் எந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியாகிறது. அதோடு ஒரு பத்தி சேருங்கள்: கரி எடுத்து முடித்த குழியை நிரப்புவதற்கு முன் தொல்லுயிரியலாளர் ஒருவர் வந்து சுவரைப் பார்த்து, அடுக்குகளை அளந்து, படமெடுத்து, மாதிரி எடுக்க வேண்டும். குழியின் ஒரு முகத்தையாவது மண் போடாமல் விட வேண்டும். பிற்காலத்தில் வருபவர்கள் நின்று பார்க்க அந்த ஒரு சுவர் போதும்.

அடுக்கை அளக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பனந்த்ரோவே அதற்கு உதாரணம். 2003-இல் அந்தக் கடல் பாம்புகளை விவரித்தவர்கள் அவற்றை ஈயோசீனின் முற்பகுதியில் வைத்தார்கள். 2024-இல் வாசுகியை அதன் நடுப்பகுதியின் தொடக்கத்தில் வைத்தார்கள். எந்த எலும்பு எந்த அடுக்கில் கிடந்தது, கரிக்கு மேலா, கீழா, சிப்பி அடுக்கிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்பதெல்லாம் குறித்திருந்தால்தான் இப்படிப்பட்ட கணக்குகளை மறுபடி சரிபார்க்க முடியும். இது சின்ன விஷயம் இல்லை. டெரோஸ்ஃபீனஸின் மற்ற இனங்கள் பெரும்பாலும் ஈயோசீனின் நடு, பின் பகுதிகளைச் சேர்ந்தவை. அமெரிக்காவில், எகிப்தில், ஈக்வடாரில் கிடைத்தவை அப்படித்தான். கட்ச் பாம்பு அவற்றைவிட எவ்வளவு மூத்தது என்பதைப் பொறுத்துத்தான் இந்தக் குலம் எந்தக் கடலில் தொடங்கி எங்கே பரவியது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். களிமண் கொட்டுமேட்டுக்குப் போய்விட்டால் எலும்பு கிடைத்தாலும் முகவரி கிடைக்காது.

இன்னொரு விஷயம் மண்டையோடு. இந்தக் குடும்பத்துப் பாம்புகளுக்குப் பெரும்பாலும் முள்ளெலும்பும் விலாவும்தான் கிடைக்கின்றன. 1841-இல் இங்கிலாந்தின் ஷெப்பித் தீவிலிருந்து ரிச்சர்ட் ஓவன் பேலியோஃபிஸை முதன்முதலில் விவரித்ததும் அவற்றை வைத்துத்தான். பாம்பின் தலை எலும்புகள் மெல்லியவை, ஒன்றோடொன்று இறுகப் பிணையாதவை. செத்ததும் கலைந்துவிடும். தலை கிடைத்தால்தான் என்ன தின்றது, பல் எப்படி இருந்தது, மூக்குத் துளை மேலே ஏறியிருந்ததா என்று சொல்ல முடியும். கெட்டியான சேறு விரைவாக மூடிய இடங்களில் மட்டுமே அப்படி ஒன்று தப்பிப் பிழைக்க வாய்ப்பு. லிக்னைட்டை ஒட்டிய களிமண் அப்படிப்பட்ட இடம். ஷவல் வாளியில் அது ஒரே அள்ளில் போய்விடும்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். களிமண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கரைந்ததும் நுண்கண் சல்லடையில் அலச வேண்டும். தங்கும் பொடியைக் காயவைத்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. வஸ்தானில் சின்னஞ்சிறு எலும்புகள் கிடைத்தது இப்படித்தான். கொட்டுமேட்டின் ஓரத்தில் ஒரு சின்ன இடமும், ஒரு தண்ணீர்த் தொட்டியும், நுழைய ஒரு பாஸும் கொடுத்தால் போதும். எந்த அடுக்கின் மண் எங்கே கொட்டப்பட்டது என்று சர்வேயர் குறித்துக் கொடுத்தால் பெரிய உதவி. அந்தக் குறிப்பு ஏற்கெனவே உங்கள் வரைபடங்களில் இருக்கும். பாதுகாப்பு விதிகள்படி ஹெல்மெட், பூட்ஸ் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிங் நேரத்தில் வெளியே நின்று, சொன்ன இடத்தில் மட்டும் வேலை பார்ப்போம். அனுமதி கேட்டு வரும் கடிதத்துக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடு வையுங்கள். பதில் "இல்லை" என்றாலும் பரவாயில்லை.

சுரங்கத் தொழிலாளர்களையும் மறக்க வேண்டாம். எலும்பை முதலில் பார்ப்பது பேராசிரியர் இல்லை, எந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான். மாறுபட்ட பொருள் கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வது என்று ஒரு படத்தாளைக் குஜராத்தியிலும் இந்தியிலும் அச்சடித்து கேன்டீன் சுவரில் ஒட்டலாம். அதில் மீன் முள்ளெலும்பு, பாம்பு முள்ளெலும்பு, சுறாப் பல் மூன்றின் படமும் இருந்தால் அவர்களே வகை பிரித்துச் சொல்லிவிடுவார்கள். கண்டுபிடித்தவரின் பெயரை அருங்காட்சியகச் சீட்டில் எழுதுங்கள். என் அப்பா அந்த மரத்துண்டைக் கொண்டுவந்த நாளில் அப்படி யாராவது கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அருங்காட்சியகம் என்றதும் ஒன்று. அசல் எலும்புகள் ஆய்வு நிறுவனங்களில் பதிவெண்ணோடு இருக்கட்டும், அதுதான் சரி. அச்சு வார்த்த பிரதிகளாவது பூஜ் நகருக்கு வர வேண்டும். 1877-இல் தொடங்கிய கட்ச் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பனந்த்ரோவைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரின் கடல் பாம்பை ரூர்க்கிக்கோ பாரிஸுக்கோ போய்ப் பார்க்க முடியாது. முடியாது என்று குஜராத் சொல்ல வேண்டியதில்லை, முன்மாதிரி அங்கேயே இருக்கிறது. பாலாசினோர் அருகே ரையோலியில் 1980-களின் தொடக்கத்தில் புவியியல் ஆய்வுத் துறையினரே டைனோசர் எலும்புகளையும் முட்டைகளையும் கண்டெடுத்தார்கள். இன்று அது வேலியிட்ட பூங்கா, 2019-இல் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரைக் கல்மரங்களையும் உங்கள் துறைதான் காத்து வைத்திருக்கிறது. வருடா வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே பத்து வயதுப் பிள்ளைகள் கல்லைத் தொட்டுப் பார்த்து "மரம்!" என்று கத்தும்போது, டிபன் கேரியர் பை ஞாபகம் வரும். இதைச் செய்யத் தெரிந்த துறை நீங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கட்சில் மழை ஜூன் கடைசியில் இறங்கும். பல நாள் வராது, வந்தால் ஒரே நாளில் கொட்டும். திறந்து கிடக்கும் களிமண் சுவர்கள் சரியும், குழியில் தண்ணீர் தேங்கும். வேலை செய்ய ஏற்ற காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. வரும் நவம்பரில் பனந்த்ரோவின் ஏதாவது ஒரு பழைய முகத்தில் இரண்டு வாரம் மட்டும் அனுமதி கொடுத்துப் பாருங்கள். அலசிய பொடியில் என்ன கிடைக்கிறது என்பதை எண்ணிக்கையோடு, அடுக்கு வரைபடத்தோடு உங்கள் மேசைக்கு அனுப்புகிறோம். சல்லடையும் வாளிகளும் எங்கள் கல்லூரியில் இருக்கின்றன. அன்று பேருந்தில் பேசாமல் வந்த மாணவி இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
நெய்வேலியில் வளர்ந்த ஒரு புவியியல் ஆசிரியர்